தொரட்டி மிட்டாய்

மாப்ள,

முந்தாநாள் தேனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே ஒரு பேக்கரியில் உன் மிட்டாயைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு, தலை வளைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஜாடி நிறைய நின்றது. கடைக்காரர் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். சின்னமனூரில் நம் தெருவில் அதற்குத் தொரட்டி மிட்டாய் என்றுதான் பெயர். ஆட்டுக்காரர்கள் கிளையை இழுத்து வளைக்கும் தொரட்டிக் கம்பு மாதிரி கொக்கி இருந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர். ஒன்று வாங்கி வாயில் போட்டேன். பற்பசை வாசம்தான் வந்தது. ஏலக்காயும் இல்லை, சுக்கும் இல்லை. பாதியில் துப்பிவிட்டு பஸ் ஏறினேன். வீரபாண்டி தாண்டும்வரை நீதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாய்.

உன் அப்பா மலைமேல் ஒரு தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அங்கிருந்த துரையம்மா கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிட இந்த மிட்டாயைச் செய்வாராம். ஒரு வருடம் சீமையிலிருந்து வரவேண்டிய பெப்பர்மின்ட் எண்ணெய் வந்து சேரவில்லை. அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்க, உன் அப்பா ஏலக்காயையும் சுக்கையும் பொடித்து, நாட்டு மருந்துக் கடைப் புதினா உப்பில் ஒரு சிட்டிகை சேர்த்து நீட்டியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு அந்த ருசி உன் அப்பாவோடு கீழே இறங்கி வந்துவிட்டது. இது நீ சொன்ன கதை. உங்கள் கோயிலில் உபதேசியார் வேறு கதை சொன்னார். வளைவு இடையனின் கோலாம், வெள்ளை தூய்மையாம், சிவப்பு இயேசுவின் இரத்தமாம். அதைக் கேட்டுவிட்டு வந்து, “மரத்துல மாட்டுறதுக்கு வளைச்சாக மாப்ள, அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் பின்னால சேத்தது” என்றாய். ஆனால் பிள்ளைகளிடம் உபதேசியார் கதையைத்தான் சொன்னாய்.

தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் உன் ஜீப்பை மார்கழியில் ஒரு நாள் மட்டும் நிறுத்திவிட்டு அடுப்பு மூட்டுவாய். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் அது கண்ணாடியாக உடைய வேண்டும். அப்போது இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றுவாய். பிறகு வருவது என் வேலை. பாகை ஆளுக்கு ஒரு நுனியாகப் பிடித்து இழுத்து, மடித்து, மறுபடி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கத் தவிட்டு நிறம் போய் வெள்ளை ஏறும். கை வெந்துபோகும். விட்டால் இறுகிவிடும் என்பதால் விடவும் முடியாது.

ஆனால் ஒரு வருடம்கூட நான் அதைச் சுடச்சுடத் தின்றதில்லை. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் மலைக்குப் போய் வரும்வரை வெளி வீட்டு அடுப்பில் வெந்தது எதையும் நான் வாயில் வைப்பதில்லை. “கைக்கு விரதம் கெடயாதா சாமி?” என்று கேலி செய்வாய். மாலை போட்டிருக்கும் நாட்களில் மட்டும் நீ என்னை மாப்ள என்று கூப்பிட மாட்டாய். சாமிதான்.

சபரிமலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் நேரே உன் வீட்டுக்கு வருவேன். எனக்கென்று எடுத்து வைத்த மிட்டாயைத் தின்னக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாய். சுக்கு தூக்கல் என்பேன். இன்னொரு வருடம் ஏலக்காய் பழசு என்பேன். என் வாய் அப்படி. பெண் எடுத்த வீட்டில் முதல் விருந்திலேயே சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவன் நான். நீ ஒரு தடவையும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு உன் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. மதுரையில் புற்றுக்குக் கரண்ட் வைத்தார்கள். கட்டி போகவில்லை, உன் நாக்கின் ருசியும் மூக்கின் வாசமும் போயின. கடைசித் தடவை போனபோது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, சித்திரையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். உன் மனைவியிடம், நான் தங்கச்சி என்று கூப்பிடுபவளிடம், சொன்னேன். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உனக்குத் தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். சரி என்றேன். அந்தக் கார்த்திகையில் உனக்காக வேண்டிக்கொண்டு மாலை போட்டேன். நடந்தே மலைக்கு வருவதாக நேர்ந்துகொண்டதால் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். அந்த வருடம் மட்டும் மிட்டாய் இழுக்க நான் இல்லை, ஆனாலும் நீ பாகு காய்ச்சியிருந்தாய்.

திரும்பி வந்தபோது கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய். கழுத்தைச் சுற்றித் துண்டு. மிட்டாயை நீயே எடுத்துக் கொடுத்தாய். வெள்ளையாக இருக்க வேண்டியது வெல்லக்கட்டி நிறத்தில் இருந்தது. உன் மகள் நல்லாருக்கு என்றாளாம், தங்கச்சி நல்லாருக்கு என்றாளாம், கோயிலில் வாங்கிய அத்தனை பேரும் அப்படியே சொன்னார்களாம். உன் முதுகுக்குப் பின்னால் நின்று தங்கச்சி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

வாயில் போட்டேன். பாகு கருகிப்போன கசப்பு. அதற்கு மேல் புதினா உப்பு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

“கருகிருச்சு மாப்ள. கசக்குது.”

தங்கச்சி உள்ளே போய்விட்டாள். பிள்ளைகள் கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னால் போய்த் துப்பியதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்ததாகச் சொன்னாய். ஒருவராவது வாயைத் திறந்து சொல்வார்களா என்று காத்திருந்தாயாம்.

“மதுரையில டாக்டர் ஒன்னயத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாகள்ல. அதையும் இதே மாதிரி சொல்லிரு” என்றாய்.

தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் மழுப்ப முடியவில்லை. சித்திரை தாண்டாது என்று சொல்லிவிட்டேன்.

நீ அழவில்லை. மகள் கல்யாணம் வைகாசியில் என்று பேசி வைத்திருந்தோம். “அப்ப தவக்காலத்துக்கு முன்னாடியே முடிச்சிரணும். நாப்பது நாளும் கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாக” என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் கல்யாண வேலைதான். தை முடிவதற்குள் பந்தல் போட்டோம். நாற்காலியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துக்கு அருகில் வைத்தோம். மகள் தலையில் கை வைத்தாய். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து சில நாளில் போய்ச் சேர்ந்தாய். சித்திரை வரைக்கும்கூட இல்லை.

உன் பெட்டியை மூடும் முன் தங்கச்சி என்னிடம் வந்தாள். “சிரிச்ச மொகத்தோட பொய் சொல்லிச் சொல்லி நான் அவர உக்கார வச்சிருந்தேன். நீங்க ஒரு வார்த்தையில கொன்னுட்டீக” என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து நீ கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டாய் என்பது உண்மைதான். மகள் கழுத்தில் தாலி ஏறியதை நீ பார்த்ததும் உண்மைதான். அவள் ஒன்றை வைத்துப் பேசுகிறாள், நான் மற்றதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் தூங்கினேன். சில நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், ஐப்பசியிலிருந்து எனக்கு வயிற்றில் வலி, இந்த வருடம் மாலைகூடப் போடவில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். மகன் மட்டும் டாக்டர் அறையில் பின்தங்கி நின்று, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வெறும் புண்ணுதான்ப்பா என்றான். என் மனைவி இப்போது என்னோடு சண்டை போடுவதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால் பேசாமல் எடுத்துப் போய் உப்புப் போட்டுக் கொண்டுவருகிறாள். என் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நீ இல்லை என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போதுதான் உறைக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொன்ன ஒரே ஆள் தங்கச்சிதான். நேற்றுக் கிறிஸ்மஸ். துணிந்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். இளைத்துப்போன என் கழுத்தையும் தொங்கும் சட்டையையும் வெகுநேரம் பார்த்தாள். மகன் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

“நல்லாத்தாண்ணே இருக்கீக.”