பூனைக்குச் சோறு வச்சாச்சா?

என் சிடுமூஞ்சி மகனே,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

நேற்று உன் சிநேகிதன் அவன் வீட்டில் பீரை நீட்டியதும், நாம் பேசிவைத்தபடியே "பூனைக்குச் சோறு வச்சாச்சா?" என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். பூனையே இல்லாத வீட்டிலிருந்து பறந்து வந்தேன். எல்லார் எதிரிலும் திட்டி இழுத்துவந்தது நம் ஒப்பந்தம். காதைத் திருகியது மட்டும் என் சொந்தச் சரக்கு. அதற்காக இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதா?

இன்று மதியம் எங்கள் மேனேஜருக்கு வழியனுப்பு விருந்து. கையில் கிளாஸைத் திணிப்பார்கள். உனக்கு வந்த தைரியம் எனக்கு இருபது வருடமாக வரவில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்திரு.

அப்பா

பி.கு.: பூனைச் செய்தி வந்தால் கூப்பிட்டுத் திட்டு. ஸ்பீக்கரில் போடுகிறேன்.

இன்னொன்று: நேரிலேயே வருவதானால், எந்தக் காது என்பது உன் இஷ்டம்.