இந்தப் பத்தியை நீ எழுது

நவம்பர் 2

அன்புள்ள அவசரம்,

நான் நலம். நீயும் நலம்தான் என்பதை உன் பல்கலைக்கழக இணையதளத்தில், 'துறைத் தலைவர்' என்று போட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முடிக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டாய். நன்றாக இருக்கிறது.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரித்துவிட்டு, விடுதியில் வைத்த அதே பட்டப்பெயரைச் சொல்லி, "விடு தராசு, அதெல்லாம் பாத்துக்கலாம்டி" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். உன் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, பயப்படாதே. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக மற்றவர்கள் கேட்கிற கேள்விக்கு விடை எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு கேள்வியாவது நானே கேட்கலாம் என்று தோன்றியது. எம்.எஸ்ஸி. படித்தபோது வாராவாரம் தண்ணீர் எடுத்த பதினான்கு கிணறுகள் நினைவிருக்கிறதா? அதே கிணறுகளில் மறுபடி எடுத்து, இத்தனை வருடத்தில் தண்ணீரின் கடினத்தன்மை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப் போகிறேன். ஒன்பது கிணறுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தோடு இரண்டு பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஒன்றை என் மேலதிகாரி கொடுத்துவிட்டார். நான் நேரம் தவறாதவள் என்று அதில் மூன்று இடத்தில் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. எனக்கு ஆய்வு செய்யத் தெரியும் என்று சொல்லக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். டிசம்பர் 10 கடைசி நாள். எழுதித் தருவாயா?

அன்புடன்,
தராசு

நவம்பர் 9

அடியே தராசு!

கடைசியில் உனக்குப் புத்தி வந்ததே! எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் இங்கே மூச்சு விட நேரமில்லை. தேர்வு வேலை, ஆய்வுக் குழு வருகை, நடுவில் மாடிக் கூடத்தில் ஒழுகல் வேறு. அதனால் நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைச் செய்வோம். நீயே எழுதி அனுப்பு, நான் துறைத் தாளில் போட்டுக் கையெழுத்திட்டு அவர்கள் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். ஒரு நிமிட வேலை. நன்றாகப் புகழ்ந்து எழுது. கஞ்சத்தனம் பண்ணாதே, உன்னைத் தெரியும் எனக்கு.

வீட்டுக்காரரையும் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.

முத்தங்களுடன்,
உன் அவசரம்

நவம்பர் 17

அன்புள்ள அவசரம்,

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் அதன் அபத்தம் குறைந்துவிடாது. ஒரு வாரமாக, என்னைப் பற்றி நானே, உன் குரலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'அபாரமான' என்று எழுதுவேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், வந்து அதை அடித்துவிடுவேன். என் பெண் போன வருடம்தான் இந்த விண்ணப்பப் படலத்தைத் தாண்டியவள். படித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ன பரிசோதனை முடிவா? 'குறிப்பிட்ட வரம்புக்குள் திருப்திகரமாக உள்ளார்'னு போட்டிருக்க!"

"அதுல என்ன தப்பு? உண்மைதானே?"

"உண்மைதாம்மா. குடிக்கலாம்னு சொல்ற மாதிரி இருக்கு. சேத்துக்கலாம்னு சொல்ற மாதிரி இல்ல."

ஆக, அவளும் நானும் சண்டை போட்டு முடித்த வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் நோக்கக் கட்டுரையிலும் அவள் கை வைத்தாள். முதல் வரியில் என் குழந்தைப் பருவம் வர வேண்டுமாம். வராது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் மூன்றாவது பத்தி 'முன் ஆய்வு அனுபவம்'. அதை நான் எழுதவில்லை. அப்பா படுத்த படுக்கையானதால் கடைசிப் பருவத்தில் நான் போய்விட்டேன். அந்தக் கிணற்று அளவீடுகளை வைத்து உன்னை ஆய்வேடு எழுதச் சொன்னார் நம் ஆசிரியர். அடுத்த வருடம் நான் திரும்பி வந்தபோது, ஒரே அளவீட்டுக்கு இரண்டு ஆய்வேடு எழுத முடியாது என்று அவரே சொன்னார். தேர்வை மட்டும் எழுதிப் பட்டம் வாங்கிக்கொண்டேன். அதில் எனக்கு உன்மேல் வருத்தமில்லை.

ஆனால் போன மாதம், என் திட்டத்தில் மேற்கோள் காட்டுவதற்காக, உன் ஆய்வேட்டை நூலகத்திலிருந்து நகல் எடுத்தேன். பதினான்கு கிணறு, இருபத்திரண்டு வாரம், முந்நூற்றெட்டு அளவீடு. காலை ஆறு மணி ஜீப்புக்கு யார் எழுந்து போனார்கள் என்று உனக்குத் தெரியும். நன்றியுரையில் அந்த ஜீப் ஓட்டுநர் இருக்கிறார். தட்டச்சு செய்தவர் இருக்கிறார். நான் இல்லை. இப்போது நான் என் சொந்த அளவீடுகளை உன் பெயரில் மேற்கோள் காட்டுகிறேன். எனக்கு ஆய்வு அனுபவம் உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள்.

அந்தப் பத்தியை நான் எழுதினால் புகார் மாதிரி இருக்கும். நீ எழுதினால்தான் சான்று. இடம் விட்டு, குறிப்பு வைத்திருக்கிறேன். தயவுசெய்து நிதானமாகச் செய்.

தராசு

நவம்பர் 30

தராசு கண்ணே,

முடிந்தது! கையெழுத்திட்டு ஏற்றியாகிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு செய்தேன், இதற்கே நீ எனக்கு ஒரு விருந்து போட வேண்டும். உன் நீளக் கடிதத்தை வார இறுதியில் உட்கார்ந்து படிக்கிறேன். கவலையை விடு, பிரமாதமான பரிந்துரை. இடம் கிடைத்த மாதிரிதான்!

அவசரம்

டிசம்பர் 4

அவசரம்,

இன்று காலை பதினொரு மணிக்கு, பியூரெட்டில் கண் வைத்திருந்த நேரத்தில், சேர்க்கைப் பிரிவு எழுத்தர் கூப்பிட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"மேடம், உங்க பரிந்துரைக் கடிதத்துல ஒரு சின்ன சந்தேகம். அவசரம்னா யாரு?"

"என் தோழி. கையெழுத்துப் போட்டிருக்கிற துறைத் தலைவர்தான்."

"அப்ப இந்தக் கடிதத்தை எழுதினது?"

பியூரெட்டின் குழாயை மூடினேன்.

"இல்ல மேடம், மூணாவது பத்தியில, 'அவசரம், இந்தப் பத்தியை நீ எழுது. யார் அளந்தது என்று உனக்குத் தெரியும்' அப்படின்னு மட்டும் இருக்கு. கீழ அவங்க கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியா இருக்கு."

அவர் நல்லவர். குழுவிடம் இன்னும் காட்டவில்லையாம். பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வேறு கடிதம் வந்தால் இதை எடுத்துவிடுகிறேன் என்றார். வராவிட்டால் இதுதான் குழுவின் மேசைக்குப் போகும். வைப்பதற்கு முன்னால் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். யாருதான் அளந்தாங்க?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நீ படித்துப் பார்த்து, யோசித்து, அந்தப் பத்தியை நீக்கியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனாலும் புரிந்திருக்கும். நீ படிக்கவே இல்லை. அன்று ஜீப் வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய், நான் போனேன். இன்றும் அதேதான்.

இந்த முறை வரைவு கிடையாது.

தராசு

டிசம்பர் 8

தராசு,

உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மூன்று நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அதையும் அவசரத்தில் எழுதினேன் என்பாய்.

நன்றியுரையில் உன்னை எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? அளந்தவள் என்று போட்டால், அப்புறம் நீ என்னம்மா செய்தாய் என்று கேட்பார்கள். ஓட்டுநரைப் போட்டால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதனால் விட்டுவிட்டேன். அந்த ஆய்வேட்டைக் காட்டித்தான் இந்த வேலைக்கு வந்தேன். உன் சேர்க்கைக் குழுவில் நான்கு பேர். இரண்டு பேர் என்னோடு ஆய்வுக் கூட்டங்களில் உட்காருகிறவர்கள். அதையும் யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பத்தி இது:

"எனது முதுகலை ஆய்வேட்டில் உள்ள முந்நூற்றெட்டு அளவீடுகளையும் எடுத்தவர் இவரே. அவற்றை அட்டவணையிட்டு எழுதியது மட்டுமே என் பங்கு. இதை அந்த ஆய்வேட்டில் நான் குறிப்பிடவில்லை, குறிப்பிட்டிருக்க வேண்டும்."

மீதிக் கடிதத்தையும் நானே எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கம். இத்துடன் இருக்கிறது. நீ பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஏற்ற மாட்டேன்.

அவசரம்

டிசம்பர் 9

அன்புள்ள அவசரம்,

கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பெண்ணிடம் காட்டவில்லை.

பத்தியில் பிழை இருக்கிறது. ஏழாவது, எட்டாவது வாரம் நான் விடுதியில் காய்ச்சலோடு கிடந்தேன். அந்த இரண்டு வாரமும் ஜீப்பில் போனது நீ. என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன்: உன் கிறுக்கல், பக்கம் முழுக்க டீக் கறை, இருபத்தெட்டு அளவீடு. அவற்றை அப்போதே சந்தேகப்பட்டு, உனக்குச் சொல்லாமல் நான்கு கிணறுகளில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே என்னுடையவை இருநூற்றெண்பது. திருத்து. 'மட்டுமே என் பங்கு' என்பதையும் எடுத்துவிடு, அது உண்மையில்லை. இரண்டாம் பக்கத்தில் 'அபாரமான' இரண்டு முறை வருகிறது, ஒன்று போதும். திருத்திய பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, உட்கார்ந்து, படி. அப்புறம் ஏற்று. நாளை ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். நீ நான்கு ஐம்பத்தைந்துக்குத்தான் உட்காருவாய் என்று தெரியும். மூன்று மணிக்கே உட்கார்.

இடம் கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தால், ஏழாவது, எட்டாவது வாரத்துக்கு நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஜீப் ஆறு மணிக்கு. பாசத்தில் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதே கை வேண்டும்.

உன்,
தராசு