துவைகல் மூழ்கிய நாட்கள்

கரண்டுக்காரருக்கு,

உங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, உத்தியோகத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. மலைமேல் எங்கள் அரியூர் நாட்டு ஊர்களில் இரண்டையும் யாரும் சொன்னதில்லை. மலைக்குக் கரண்டு கொண்டுவரப் போகிறவர் என்பதால் கரண்டுக்காரர், அவ்வளவுதான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இனி மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

போன வாரம் பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது. உங்கள் வீட்டம்மா அனுப்பியிருந்தார்கள். சணல் கயிற்றை அவிழ்த்தால் உள்ளே நீல அட்டை போட்ட என் நோட்டு. இங்கே இருந்தவரை அதில் அடுப்புப் புகை வாசனை அடிக்கும். இப்போது அந்துருண்டை வாசனை அடித்தது. கூடவே நாலு வரிக் கடிதம். நீங்கள் மஞ்சள் காமாலையில் கிடந்து தை மாதம் போய்விட்டதாகவும், பெட்டியில் இந்த நோட்டு இருந்ததாகவும், மேலே என் பெயரும் ஊரும் எழுதியிருந்ததால் என்னிடமே சேரட்டும் என்று அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்கள். நோட்டைத் திறக்க இரண்டு நாள் ஆயிற்று எனக்கு. சாவுச் செய்தி ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த நோட்டில் நான் என்ன எழுதி வைத்திருந்தேன் என்பது.

அதே வாரத்தில்தான் எங்கள் ஊருக்குக் கம்பி இழுத்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரி கரண்டு மலையிலிருந்து கீழே போகவில்லை. கீழேயிருந்து மலைக்கு ஏறி வந்தது. மீட்டர் பொருத்த ஒரு பலகை வேண்டும் என்று லைன்மேன் கேட்டார். பரண்மேல் ஏறித் தேடினேன். முதலில் கைக்கு வந்தது ஆற்றில் நட்டிருந்த அளவுப் பலகை. வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடு, அடியும் அங்குலமும். "இதே போதுமுங்க, ஜோரா இருக்குது" என்றார் லைன்மேன். அது ஆகாது என்று சொல்லி ஒரு பலாப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். ஏன் ஆகாது என்று என் பெண்டாட்டி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு நீங்கள் மலையேறி வந்தீர்கள். அப்போது ரோடு கிடையாது. முட்டி இரண்டும் சிராய்த்து, சட்டை முதுகோடு ஒட்டி, வந்ததும் முதல் கேள்வி, "ஏனுங்க, இந்த ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாருங்க?" ஐந்தாம் வகுப்பு முடித்தவன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெண்டுகள் துணி துவைக்கும் பெரிய கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே பலகையை நட்டோம். தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக் கொடுத்தீர்கள். தேதி, அளவு, குறிப்பு.

குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "மழை, வெள்ளம், ஆத்துல கண்டது எதுவானாலும் எழுதுங்க. எண்ணு தப்பாப் போகலாம். குறிப்பு இருந்தா திருத்திக்கலாம்" என்றீர்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

நீங்கள் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. படித்தவர் என்ற மிதப்பு உங்களிடம் இல்லை. மலை விளிம்புக்குக் கூட்டிப்போய்க் கீழே தெரிகிற சமவெளியைக் காட்டினீர்கள். "எவ்வளவு தண்ணி, எவ்வளவு உயரத்துல இருந்து விழுது. இந்த ரெண்டுதாங்க கரண்டு. உயரத்தை உங்க மலை சும்மாவே கொடுக்குது. தண்ணியைத்தான் பார்க்கணும்." அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி, குழாயில் விட்டு, அடிவாரத்தில் ஒரு சக்கரத்தின்மேல் அடிக்க விட்டால் சக்கரம் சுற்றும், அது சுற்றினால் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் சேர்ந்து கரண்டைத் தரும் என்றீர்கள். நம்பாமல் நான் சிரித்ததால், அடுத்த முறை வரும்போது ஒரு சைக்கிள் டைனமோவைப் பையில் போட்டுக் கொண்டுவந்தீர்கள். அதன் தலையை என் பெண்டாட்டி உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். சின்ன பல்பு மினுக்கென்று எரிந்தது. அவள் கையை எடுத்தாள், அணைந்தது. "இதையே ஒரு வீடு பெருசுக்கு நெனச்சுக்குங்க" என்றீர்கள்.

அவள் விடவில்லை. "கரண்டை எடுத்துட்டா அந்தத் தண்ணியில சத்து இருக்குமுங்களா? வயலுக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.

"தண்ணி அப்படியேதாங்க இருக்கும். அது விழுற வேகத்தை மட்டுந்தான் நாம வாங்கிக்கறோம்."

அந்த வருஷம் முழுவதும் நான் யோக்கியனாக இருந்தேன். மழைக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டாவது போய் அளவெடுத்தேன். நீங்கள் மாதம் ஒருமுறை வந்து, நோட்டைப் பார்த்து ஆபீஸ் தாளில் நகல் எடுப்பீர்கள். பிறகு என் மரத்து ஆரஞ்சுப் பழம் ஒன்றை ஆற்றில் விட்டு, இருபது அடி போக எத்தனை வினாடி என்று கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். காற்று தள்ளாமல் தண்ணீரோடு போவதற்கு ஆரஞ்சுதான் சரி என்பீர்கள். அளந்த பழத்தை உரித்துத் தின்றும் விடுவீர்கள். ஐப்பசியில் ஆறு பொங்கியபோது நான் துள்ளினேன். "ஐப்பசியில எந்த ஓடையும் ராஜாதாங்க. சித்திரை வைகாசியில என்ன ஓடுதுங்கறதுதான் பேச்சு. மோசமான வருஷத்துலயும் சக்கரம் சுத்தணும்" என்று அடக்கினீர்கள்.

முதல் கோடை முடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு வந்தீர்கள். எங்கள் பள்ளத்து வயலுக்கு மேலே நிற்கிற பலாமரத்தில், நெஞ்சு உயரத்தில், வெள்ளையாக ஒரு கோடு இழுத்தீர்கள். என்னவென்று கேட்டேன். அணை வந்தால் தண்ணீர் இதுவரைக்கும் நிற்கும் என்றீர்கள். மறைத்துப் பேச உங்களுக்கு வராது. அந்தக் கோட்டுக்குக் கீழேதான் பதினான்கு வீட்டு நெல் வயலும் இருந்தது. எங்களுக்கு மற்றதெல்லாம் சரிவு. சரிவில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் வரும், நெல் வராது.

"சர்க்கார் வேற எடம் கொடுக்குமுங்க" என்றீர்கள்.

"அந்த எடத்துல ஓடை இருக்குமுங்களா?"

நீங்கள் வாளியைக் கழுவப் போய்விட்டீர்கள்.

இரண்டாம் கோடையில் நான் பொய் எழுத ஆரம்பித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. மோசமான வருஷத்தை வைத்துத்தான் முடிவு என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள், அதனால் ஒரு மோசமான வருஷத்தை உண்டாக்கினேன். பதினோரு அங்குலம் இருந்தால் ஐந்து. ஓர் அடி இருந்தால் ஆறு. முதல் நாள் எழுதும்போது கை கூசியது. நாலாம் நாள் கூசவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னேன். கரண்டு வந்தால் மாவு மிஷின் வரும், உரலில் குத்துகிற பாடு தீரும் என்று ஆசையாக இருந்தவள் அவள். "வயலு இருந்தாத்தானுங்க குத்தறதுக்கு நெல்லு" என்றாள்.

இங்கேதான் என் முட்டாள்தனம். அளவுப் பத்தியில் பொய் எழுதிய நான், குறிப்புப் பத்தியில் பொய் எழுதவில்லை. அதில் பொய் எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எண் ஆபீசுக்குப் போகிறது, குறிப்பை யார் படிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். ஆற்றில் ஏதாவது நடந்தால் எழுதிப் பழகிய கை, தானாக எழுதிக்கொண்டே போனது.

அந்த வைகாசியில் நீங்கள் வந்தபோது துவைகல்லின் மேல் உட்கார்ந்து நோட்டைப் படித்தீர்கள். நான் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றீர்கள். பிறகு உட்கார்ந்திருந்த கல்லைத் தட்டி, "ஏனுங்க, இந்தக் கல்லு கோடையில எப்பவாச்சும் மூழ்குமுங்களா?" என்று கேட்டீர்கள்.

"இல்லீங்க. ஐப்பசியிலதானுங்க மூழ்கும்."

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆபீஸ் தாளை எடுத்து, என் எண்களையே ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நகல் எடுத்தீர்கள். ஐந்து அங்குலம், ஆறு அங்குலம், ஏழு அங்குலம். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அன்றைக்கு நீங்கள் ஆரஞ்சு கேட்கவில்லை. பழம் இல்லாத காலம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கோடையில் போதிய நீர் இல்லை என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னீர்கள். பலகையை நாம் இருவருமாகப் பிடுங்கினோம். "இதை நீங்களே வெச்சுக்குங்க, நோட்டை நான் எடுத்துக்கறேன்" என்றீர்கள். மலை இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "வாரேனுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரே ஒரு கடிதம் வந்தது. கிழக்கே நிலக்கரி தோண்டுகிற இடத்துக்கு உங்களை மாற்றியிருந்தார்கள். அங்கே கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சக்கரத்தைச் சுற்றுவார்களாம். "அங்கேயும் சக்கரம்தான், சுற்றுவது எது என்பதுதான் வேறு" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வேலை, தோண்டப் போகிற நிலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது. 'ஒருவர் வந்து எங்கள் வயல் எதுவரைக்கும் போகும் என்று கேட்டார். உங்கள் ஞாபகம் வந்தது' என்று முடித்திருந்தீர்கள். ஊர் விட்டு ஊர் போனவரின் ஏக்கம் என்று எண்ணி, பரவாயில்லை மறக்காமல் இருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். பதில்கூட எழுதவில்லை.

பொட்டலம் வந்த மூன்றாம் நாள் நோட்டைத் திறந்தேன். இரண்டாம் கோடையின் பக்கம். சித்திரையில் ஒரு நாள், அளவு ஏழு அங்குலம். எதிரே என் கையெழுத்தில் குறிப்பு: 'ஆற்றுக்கு மேலே வளப்பூர்ப் பக்கம் ராத்திரி கோடை மழை. துவைகல் மூழ்கிவிட்டது. பெண்டுகள் துணியோடு திரும்பினார்கள்.' இன்னொரு நாள், அளவு ஆறு அங்குலம். குறிப்பு: 'எருமைக் கன்றை ஆறு இழுத்துப்போனது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தோம்.' இப்படி ஒன்பது இடம். ஒன்பதிலும் என் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடியாக வேறோர் எண். ஓர் அடி எட்டு அங்குலம். இரண்டடி ஐந்து. கல் எந்தக் கோட்டில் மூழ்கும் என்று உங்களுக்குத் தெரியும். நோட்டை எடுத்துப்போன பிறகு, குறிப்பை வைத்து உண்மை அளவைத் திருத்திப் போட்டிருக்கிறீர்கள். திருத்தியது நோட்டோடு நின்றுவிட்டது. தாளில் போனது என் பொய்.

அப்படியானால் கல்லைத் தட்டிக் கேட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் உண்மையைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கையில் பலாச்சுளையோடு, நான் இல்லீங்க என்றேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷம் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் இருந்த வெட்கம் வேறு, இது வேறு. இந்த மலையில் ஒரு பவர் ஹவுஸ் கட்ட வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் நீங்கள். அதை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. என் பொய் இல்லாவிட்டாலும் திட்டம் நின்றிருக்கலாம். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை.

நேற்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. லைன்மேனிடம் இது எந்தக் கரண்டு என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வருதுங்க. இது ஆத்துக் கரண்டு, இது கரிக் கரண்டுன்னு பிரிக்க முடியாதுங்க" என்றார். பிரிக்க முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். உங்களிடம் வந்து கேட்டாரே ஒருவர், அவருடைய வயலும் இந்த வெளிச்சத்தில் எங்கோ இருக்கிறது. எங்கள் வயலில் நாற்று நிற்கிறது. பலாமரத்துக் கோடு மழையில் கரைந்து எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் நெஞ்சு உயரத்துக்குப் போய்விட்டு வருகிறது.

இன்று காலை அளவுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று பெண்டாட்டி பின்னாலேயே வந்தாள். அந்த இரண்டு பாறைக்கு நடுவில் பழைய குழி மண் மூடிக் கிடந்தது. அதைக் கிளறிப் பலகையை நட்டேன். எட்டு மணி வரை இரண்டு பேரும் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் சில வரி இடம் இருந்தது. அதில் இப்படி எழுதினேன்:

சித்திரை. காலை எட்டு மணி. அளவு: பதினோரு அங்குலம். குறிப்பு: மழை இல்லை. கல் மூழ்கவில்லை. அளவு சரி.