பட்டுத் துணியால் துடைத்த சிவப்புக் கார்

மச்சான்,

எதிர்வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். இன்று காலையில் வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தட்டை டப்பாவைத் திறந்தார். மெழுகு. மண்ணெண்ணெயும் தேனடையும் கலந்த மாதிரி உன் பெயிண்ட் ஷெட்டில் அடிக்குமே, அந்த வாசனை தெருவைத் தாண்டி வந்து என் மூக்கில் ஏறியது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தவன்தான், அப்புறம் எடுத்துக் குடிக்கவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. தாலுகா ஆபீஸ் எதிரில் உன் மகள் ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதித் தருகிறாள். நேராக அங்கே போனேன்.

"வாங்க மாமா. பென்ஷன் மனுவா?"

"மனு இல்லம்மா. உங்கப்பனுக்கு ஒரு கடுதாசி."

"எந்த அட்ரஸுக்கு மாமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதிகினு வருகிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

என் பட்டுக்கடை முதலாளி அந்தச் சிவப்புக் காரை மெட்ராஸிலிருந்து ஓட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். பட்டு வியாபாரம் நன்றாக ஓடிய நேரம். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார். தெருவே கூடியது. "இன்னாய்யா இது, காரு முட்டி போட்டுகினு நிக்குது?" என்றார் தறியில் பாவு இழை புணைக்கிற பெரியவர். "இதுல ஏறணும்னா மொதல்ல படுக்கணும் போல." முதலாளி காதில் விழுந்தும் கோபப்படவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் சிவப்பு பெயிண்ட் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குத்தான் உன்னைக் கூப்பிட்டார். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த உன் ஷெட்டுக்கு முதல் பெரிய வேலை.

நான் முதலாளி வீட்டு வளவில் காவலாள். வண்டி கழுவுவதும் என் பொறுப்பு. பின்பக்கம் ஒரே அறை கொடுத்திருந்தார்கள், என் பெண்டாட்டியும் மூணு பிள்ளைகளும் அதில். வேலை போனால் கூரையும் போகும்.

இருபது நாள் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பூசி, மறுபடி தேய்த்து நீ அடித்த சிவப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வண்டியை ஒப்படைத்தபோது முதலாளியிடம் நீ பேசியதைவிட என்னிடம் பேசியதுதான் அதிகம். "வெயில் ஏறதுக்குள்ள கழுவிடு மச்சான். மொதல்ல வெறும் தண்ணி ஊத்தி மண்ணை இறக்கு, அப்புறம்தான் துணி. ரெண்டு பக்கெட்டு வெச்சுக்கோ. போர்வெல் தண்ணி வேணாம், காஞ்சா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். காக்கா எச்சம் இருந்தா சுரண்டாத, ஈரத்துணி போட்டு ஊற வை. துணி கீழ விழுந்துச்சுன்னா அதைத் தூக்கிப் போட்டுரு, தட்டிட்டு எடுக்காத." மெழுகை ரெண்டு மாசம் தொடக்கூடாது என்றாய். "புது பெயிண்டு மூச்சு விடணும். மூடினா செத்துடும்."

ரெண்டு மாசம் கழித்து நீயே டப்பாவோடு வந்து காட்டினாய். மெல்லிசாகப் பூசு, பனி படிந்த மாதிரி வெளுக்கும்வரை பொறு, அப்புறம் வேறு துணியால் துடை. பூசியபின் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தாய். முத்து முத்தாக உருண்டு நின்றது. நாம் ரெண்டு பேரும் பெரிய ஆட்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். துடைக்கப் பழைய பனியன் துணி ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போனாய். "இதைத் தவிர வேற எதுவும் படக்கூடாது" என்றாய்.

மகளே, இனிமேல் சொல்வதைத்தான் சரியாக எழுத வேண்டும்.

முதலாளி மகன் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். மூணு நாள் முன்னால் மெழுகு போட உட்கார்ந்தேன். பனியன் துணியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. உன்னிடம் வந்து கேட்டிருக்கலாம். கால் மணி நேர நடை. கேட்கவில்லை. கிடங்கில் ஒரு பட்டுத் துண்டு கிடந்தது, தறியிலிருந்து கழித்துப் போட்டது. நம் ஊர்க்காரன் புத்தி, மச்சான். பட்டைவிட மேலான துணி உண்டா? சாமியைத் துடைப்பது பட்டு, பிள்ளையைப் போர்த்துவது பட்டு. பனியனில் துடைத்த காரைப் பட்டில் துடைத்தால் இன்னும் மின்னாதா என்று நினைத்தேன். ஜரிகைக் கரையைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் எடுத்தேன். ஓரத்தில் ரெண்டு இழை ஜரிகை மடிந்து ஒட்டிக்கொண்டிருந்ததை என் கண் பார்க்கவில்லை.

வட்டம் வட்டமாக, அழுத்தி, பானட் முழுக்கத் தேய்த்தேன். நிழலில் ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணிக்கு வெயில் விழுந்தது. பானட் முழுக்கச் சிலந்தி வலை. அத்தனை வட்டமும் என் கை போன வட்டம்.

முதலாளி பார்த்தார். உனக்கு ஆள் போனது. நீ வந்து குனிந்து நகத்தால் வருடினாய், நகம் மாட்டியது. பக்கெட் விளிம்பில் கிடந்த துணியை எடுத்துப் பிரித்தாய். ஜரிகை வெயிலில் மின்னியதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். அதைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாய்.

"யார் பண்ணது? அடிச்சவனா, தொடைச்சவனா? ஜல்தி சொல்லுங்கடா!" என்று கத்தினார் முதலாளி. கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில். என் பெண்டாட்டி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெயிண்டு சரியா காயலிங்க" என்றாய் நீ. "தப்பு என்னுதுங்க."

"மட்டமான பெயிண்டை அடிச்சு ஏமாத்திட்டியேடா. உன் பெயிண்டு நிக்காதுடா!" அந்தச் சொல்லைத்தான் ஊர் எடுத்துக்கொண்டது.

உன் மகள் இங்கே பேனாவை நிறுத்திவிட்டாள். "போதுமா?" என்றேன். எழுந்து போனாள். கடைக்கு வந்த ஒருத்தருக்கு நாலு காப்பி எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். ஒன்றை மட்டும் மேலேயும் கீழேயும் இடம் விட்டுத் தனியாக எழுது என்றேன்.

அந்தக் காரின் பெயிண்டைக் கெடுத்தவன் நான். பெயிண்டர் இல்லை.

அன்று சாயங்காலம் உன் ஷெட்டுக்கு வந்தேன். தூசு விழக்கூடாதென்று கதவு ஜன்னலெல்லாம் ஈரச் சாக்கு கட்டி அடைத்துவிட்டு உள்ளே அந்தக் காரின் பானட்டை மறுபடி அடித்துக்கொண்டிருந்தாய். வேலூர் டாக்டர் உனக்குப் பெயிண்டில் கலக்கும் தின்னரின் புகையே ஆகாது என்று சொல்லியிருந்த காலம். இருமிகினே வெளியே வந்தாய்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"உன் வீடு அவர் வளவுக்குள்ள இருக்குது மச்சான். என் ஷெட்டு வெளிய இருக்குது." அப்புறம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய். "கல்யாணம் முடியட்டும். அவர் நல்லா இருக்கற நேரம் பார்த்து நீயே சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன்.

கல்யாணத்தில் கார் தீ மாதிரி வந்தது. நன்றாகத் துடைத்ததற்காக எனக்கு ஒரு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உனக்குப் பத்திரிகைகூட இல்லை.

அடுத்த மாதம் சொல்லலாம் என்றிருந்தேன், அப்புறம் தீபாவளி முடியட்டும் என்றிருந்தேன். என் மூத்தவள் கல்யாணம் வந்தது. இதற்குள் உன் ஷெட்டுக்கு வண்டி வருவது நின்றுபோனது. ஷெட்டை மூடினாய். செய்யார் கம்பெனியில் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கும் கூலிக்குப் போனாய். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பாய், நான் பால் வாங்க வருவேன். முதல் வருஷம் என்னைக் கண்டால் "சொல்லிட்டியா?" என்று உன் முகம் கேட்கும். ரெண்டாம் வருஷத்திலிருந்து கேட்பதை விட்டுவிட்டது. "பிள்ளைங்க நல்லாருக்குதா?" என்பதோடு சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பால் வாங்க வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஆறு வருஷத்தில் உன் நெஞ்சு போய், நீயும் போய்விட்டாய். உன் பாடையின் முன்பக்கம் ஒரு கொம்பு என் தோளில் இருந்தது. கனமே இல்லை. சுடுகாட்டிலும் யாரோ சொன்னான், "நல்ல மனுஷன், தொழில்தான் சரியில்ல" என்று. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதுவரை போன வெள்ளிக்கிழமை எழுதியது. எழுதி முடித்ததும் உன் மகள் கேட்டாள்: "நீங்கதான்னு அப்பாவுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் அவருக்கு எதுக்கு எழுதறீங்க? தெரியாதவங்க ஊர்ல இருக்காங்க."

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு முதலாளி கடைக்குப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகிறது. மகன்தான், அன்றைய மாப்பிள்ளை, திண்டில் சாய்ந்திருந்தான். யாரைப் பற்றி என்றதும், "ஓ, அந்த பெயிண்டரா? அவன் பெயிண்டு நிக்காதுன்னு அப்பா சொல்லிகினே இருப்பாரு" என்றான். தாளை நீட்டித் தனி வரியைக் காட்டினேன். கண்ணால் படித்தான்.

"வாய்விட்டுப் படிங்க" என்றேன்.

கணக்கரும் புடவை எடுக்க வந்த ரெண்டு பெண்களும் கேட்கப் படித்தான். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "வண்டிய வித்தே எத்தனையோ வருஷம் ஆச்சு பெரியவரே. இப்ப இன்னா பண்ணச் சொல்றீங்க?"

தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்று இதையெல்லாம் உன் மகளிடம் சொன்னேன். "இதைக் கேக்க அம்மா இல்ல. போன வருஷமே போயிட்டாங்க" என்றாள், அவ்வளவுதான். வந்ததிலிருந்து ஒருமுறைகூட மாமா என்று கூப்பிடவில்லை. இதையும் எழுது என்றேன். வேறொரு தாளில் எழுதுகிறாள்.

அந்த முதல் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், படிக்கத் தெரிந்தவர் யார் கிடைத்தாலும் நீட்டுகிறேன். ஒரு எழுத்தும் அறியாதவன், ஆனாலும் அந்த வரி எது என்று எனக்குத் தெரியும். அதன்மேல் விரலை வைத்துக் கொடுக்கிறேன். சிலர் வாய்க்குள்ளேயே படிக்கிறார்கள். சத்தமாகப் படியுங்கள் என்கிறேன்.