நாளைக்கு இரண்டரை மில்லி

ஞாயிறு, மார்ச் 3

நண்டு அப்பாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் கத்தலில் போய் நிற்கிறது. கவுன்சலிங்கில் அந்த அம்மா சொன்னபடி, குழந்தை விஷயம் எதுவானாலும் இனி எழுதி அவளுடைய பையின் முன் ஜிப்பில் வைக்கிறேன். ஞாயிறு காலை அவள் உங்களிடம் வரும்போது என் கடிதம். புதன் சாயங்காலம் என்னிடம் திரும்பும்போது உங்களுடையது. கேட்டில் நின்று பேச வேண்டிய அவசியமே இருக்காது.

வெள்ளிக்கிழமை நண்டுவை டாக்டரம்மாவிடம் காட்டினேன். இரண்டரை வயதுக்கு எடை போதாதாம். ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவு. "என்னம்மா சாப்பிடுறா?" என்றார். வெறும் சோறு, ரொட்டியின் நடுப்பகுதி, பால், பிஸ்கட், இவ்வளவுதான். தட்டில் நிறமாக ஏதாவது இருந்தால் தட்டையே தள்ளிவிடுகிறாள் என்றேன். "அப்ப சாப்பாட்டை விட தள்ளுறதுக்குத்தான் சக்தி செலவாகுது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பையில் ஒரு சிரப் இருக்கிறது. இரும்பும் வைட்டமினும் சேர்ந்தது. கூடவே ஊசியில்லாத சிரிஞ்ச். ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டரை மில்லி, சாப்பிட்டபின். பாலோடு கலக்காதீர்கள், சத்து ஏறாதாம். கொடுத்ததும் பல் தேய்த்துவிடுங்கள், கறை படியும். கக்கா கருப்பாகப் போனால் பதற வேண்டாம். பாட்டிலைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். அளவு மீறினால் ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு நாளும் விடக் கூடாது.

நண்டு அம்மா


புதன், மார்ச் 6

நண்டு அம்மாவுக்கு,

கடிதம் எழுதிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது லீவு லெட்டர்.

சிரப் மூன்று நாளும் கொடுத்துவிட்டேன். ஒரு தகராறும் இல்லை. சமர்த்தாகக் குடித்தாள். பல்லும் தேய்த்தாயிற்று.

நேற்று ரிப்பேருக்குப் போன எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவரும் ஒரு பீரோவும். பீரோவை முதலில் எடுங்கள் என்று அவர் ஒரே பிடிவாதம். நண்டுவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன புரிந்ததோ.

நீ இளைத்திருக்கிறாய் போலத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கேட்டில் பார்த்தபோது.

நண்டு அப்பா


ஞாயிறு, மார்ச் 10

நண்டு அப்பாவுக்கு,

அனுப்பும்போது பாட்டில் லேபிளின் ஓரத்தில், மருந்து எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன். திரும்பி வந்தபோதும் மருந்து அதே கோட்டில் நின்றது.

ஏழரை மில்லி குறைய வேண்டும். குறைந்ததாகவே தெரியவில்லை.

கொடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. "சமர்த்தாகக் குடித்தாள்" என்று எழுதினீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்கு ஒன்பது மாதத்தில் காய்ச்சல் வந்த அன்று போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? "வந்துட்டே இருக்கேன், பாலம் தாண்டிட்டேன்" என்றீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் லிஃப்ட் மணி 'டிங்' என்று அடித்தது. போனை வைத்துவிட்டேன். அன்றோடு எனக்குள் ஏதோ ஒன்று அணைந்துபோயிற்று.

உங்கள் தவறுகளையெல்லாம் தேதியோடு எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீல். குழந்தையை முழுவதும் என்னிடமே விடச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார். இதுவரை எழுதாமல் இருந்தேன். மார்ச் ஆறு என்று போட்டு முதல் வரி எழுதிவிட்டேன்.

சிரப் மறுபடி வைத்திருக்கிறேன். கோடும் போட்டிருக்கிறேன்.

நண்டு அம்மா


புதன், மார்ச் 13

நண்டு அம்மாவுக்கு,

பொய்தான் சொன்னேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் சிரிஞ்சை வாயில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். துப்பினாள். என் சட்டை, சுவர், காலண்டர் எல்லாம் பழுப்பு. இரண்டாவது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடிவிட்டாள். துருப்பிடித்த கதவையெல்லாம் திறக்கிறவன் நான். அந்தச் சின்ன வாயை என்னால் திறக்க முடியவில்லை. மூன்றாவது நாள் சிரிஞ்சை எடுத்ததுமே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அப்பா வேணாம்" என்றாள். மருந்து வேணாம் என்று சொல்லவில்லை. அப்பா வேணாம்.

வாரத்தில் மூன்றரை நாள்தான் அவள் என்னிடம் இருக்கிறாள். அதில் மூக்கைப் பிடித்து ஊற்றுகிறவனாக இருக்க மனசு வரவில்லை. அதனால் மூடிவைத்துவிட்டு, கொடுத்தேன் என்று உனக்கு எழுதினேன். பாலத்தைப் பற்றியும் நீ சொன்னது சரி. சொன்னால் திட்டுவாய் என்று பயந்து பொய் சொல்வேன், பொய் சொன்னதற்குச் சேர்த்துத் திட்டு வாங்குவேன். என் பிழைப்பே அப்படித்தான் ஓடியிருக்கிறது.

இந்த வாரமும் சிரப் இறங்கவில்லை. கோடு அப்படியேதான் இருக்கும். ஆனால் மருந்துக்கடையில் கரடி மாதிரி ஜெல்லி மிட்டாய் வைத்திருக்கிறார்கள். மிட்டாய் இல்லை, வைட்டமின்தான். இவளே கேட்டு வாங்கித் தின்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு கொடுத்தேன். டப்பாவைப் பையில் வைத்திருக்கிறேன், பார்.

நண்டு அப்பா


ஞாயிறு, மார்ச் 17

நண்டு அப்பாவுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. அது வேறு விஷயம்.

கரடி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். நிறமும் சர்க்கரையும் தவிர அதில் என்ன இருக்கிறது? டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது சிரப். கடைக்காரர் கொடுப்பதையெல்லாம் வாங்கி வருவதற்குக் குழந்தை என்ன சோதனைக்கூடமா? மிட்டாய் கொடுத்து நல்ல பெயர் வாங்குவது சுலபம். கசப்பைக் கொடுக்கிற வேலை மட்டும் எப்போதும் என் தலையில்.

இங்கே சிரப் தினமும் இறங்குகிறது. வியாழக்கிழமை அரை முட்டை சாப்பிட்டாள். நேற்று வேகவைத்த கேரட் நாலு துண்டு. பொறுமையாக உட்கார்ந்து ஊட்டினால் எல்லாம் நடக்கும்.

எங்கள் கண்ணாடிக் கடையில் ஆள் இல்லை. காலை ஒன்பதிலிருந்து ஏழு வரை நானே கண் பரிசோதிக்கிறேன், நானே பிரேம் எடுத்துக் காட்டுகிறேன். 'இது தெரியுதா, அது தெரியுதா' என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கே எதுவும் தெரிவதில்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

நண்டு அம்மா


புதன், மார்ச் 20

நண்டு அம்மாவுக்கு,

கரடி இனி இல்லை. நீ சொன்னது சரி.

அரை முட்டை எப்படி? நிஜமாகத்தான் கேட்கிறேன், குத்திக்காட்டவில்லை. நானும் அவித்துக் கொடுத்தேன். சுவரில் மோத உருட்டி விளையாடிவிட்டு, "அப்பா, பந்து உடைஞ்சு போச்சு" என்று கொண்டுவந்து கொடுத்தாள். நான்தான் தின்றேன்.

ஆனால் சிரப்பில் ஒரு முன்னேற்றம். சிரிஞ்சை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவள் வாய்தான் லிஃப்ட். "கதவு திறக்கிறது" என்று நான் சொல்ல வேண்டும், அவள் திறப்பாள். அவளே பட்டனை அமுக்குவாள். பாதி வாய்க்குள் போகிறது, பாதி கழுத்துக்குள். திங்களும் செவ்வாயும் நடந்தது. இன்று லிஃப்ட் ரிப்பேர் என்று அவளே சொல்லிவிட்டாள். கோட்டைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

உன் கடையில் இன்னொரு ஆள் கேட்டு வாங்கு. நீ வாய் திறந்து கேட்கவே மாட்டாய்.

நண்டு அப்பா


ஞாயிறு, மார்ச் 31

நண்டு அப்பாவுக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்து, "முழிச்சிட்டுதானே இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள். எப்படி நடந்தது என்று கேட்பீர்கள் என்று நான் பதில் தயார் பண்ணிக்கொண்டு நின்றேன். அதில் பாதி பொய். நீங்கள் கேட்காததால் அது எனக்குள்ளேயே கிடந்து அரிக்கிறது.

கரடி டப்பாவை நான் குப்பையில் போடவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு டப்பாவும் வாங்கினேன். அரை முட்டையும் இல்லை, கேரட்டும் இல்லை. கேரட்டை வேகவைத்தது உண்மை. நாலு துண்டும் தரையில் கிடந்தது. சிரப் என் வீட்டில் பாதி நாள் வாஷ்பேசினில்தான் போயிற்று. கோடு குறைய வேண்டுமே என்று நானே ஊற்றினேன். வேலையிலிருந்து வந்து, அவளோடு முக்கால் மணி நேரம் போராடி, இரண்டு பேரும் அழுது முடித்தபின், மூன்று கரடியைக் கையில் கொடுத்துவிடுவேன். தின்றுவிட்டு என் மடியிலேயே சாய்ந்துகொள்வாள். அந்த ஒரு கால் மணி நேரம்தான் எனக்கு ஒரு நாளில் கிடைக்கிற நிம்மதி.

நேற்று கடைக்கு அரை நாள் லீவு, மதியம் மூன்று கரடி கொடுத்துவிட்டு சோபாவில் சாய்ந்தேன். கண்ணை மூடித் திறந்ததுபோல்தான் இருந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரியில் என் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த டப்பாவை எடுத்திருக்கிறாள். குறைந்தது முப்பது கரடி இருந்திருக்கும். காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, கரடியெல்லாம் தூங்கப் போச்சு" என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

டூட்டி டாக்டர் டப்பாவைக் கேட்டார். "இதுல இரும்பு இருக்கா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்க வைப்பது என் தொழில். அந்த லேபிளை நான் படித்ததே இல்லை. அவர் படித்துப் பார்த்து, "இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார். சிரப் பாட்டிலும் அதே அலமாரியில்தான் இருந்தது. கைக்கு எது முதலில் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம்.

இதை எழுதக் கூடாது என்கிறார் வக்கீல். எழுதினால் உங்கள் கையில் ஆதாரமாகிவிடுமாம். ஆகட்டும். மார்ச் ஆறு என்று எழுதியதற்குக் கீழே மார்ச் முப்பது என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

இன்று காலையிலிருந்து நன்றாக இருக்கிறாள். வாந்தி இல்லை. உங்களை எதிர்பார்த்து ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இடம் வலம் மாற்றி.

நண்டு அம்மா


புதன், ஏப்ரல் 3

நண்டு அம்மாவுக்கு,

மூன்று நாளாக நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் கேட்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. எனக்கு முன்பே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் அலமாரியைத் திறந்து, "கரடி எங்க?" என்றாள். "கரடி போயிடுச்சு. அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க" என்றேன். "இல்ல. அம்மா வீட்டுல இருக்கு" என்று மூன்று விரலைக் காட்டினாள். முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, உன்னாலும் முடியவில்லை என்று சந்தோஷமாக இருந்தது. அடுத்து, இதை என் வக்கீலிடம் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை, தேவைப்படும் என்று உள்ளுக்குள்ளேயே வைத்திருந்தேன். அரை முட்டை எப்படி என்று உன்னைக் கேட்டேனே, குத்திக்காட்டவில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

அன்றே "டப்பாவை உயரத்தில் வை, அவள் நாற்காலி இழுக்கக் கற்றுக்கொண்டாள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். என் வீட்டில் அவள் நாற்காலி இழுப்பதை நான் பார்த்திருந்தேன். எழுதினால் எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிடும். அதனால் எழுதவில்லை. நீ தூங்கிப்போனது களைப்பு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது களைப்பு இல்லை.

குழந்தையை முழுவதும் நீ கேட்டால் நான் எதிர்த்து நிற்க மாட்டேன். பார்க்க வர விட்டால் போதும்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பக்கம், என் பக்கம் இரண்டும். திட்டவில்லை. "ஒரு நாள் விட்டுப்போனா குடி முழுகாது. அடுத்த நாள் சேர்த்துக் கொடுக்காதீங்க, அவ்வளவுதான். யார் கொடுத்தாங்க, யார் கொடுக்கலைன்னு மட்டும் ஒருத்தருக்கொருத்தர் மறைக்காதீங்க" என்றார்.

இந்த மூன்று நாளில் சிரப் ஒரே ஒரு தடவைதான் இறங்கியது. செவ்வாய்க்கிழமை.

நண்டு அப்பா


ஞாயிறு, ஏப்ரல் 7

நண்டு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில், கண் பரிசோதிக்கும் இருட்டறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே ஆள் காத்திருந்தார். பத்து நிமிடம் கதவைத் திறக்கவில்லை. கோபம் வந்தது. பிறகு அது என்மேலா உங்கள்மேலா என்று பிரிக்க முடியவில்லை, எழுந்து வேலையைப் பார்த்தேன்.

குழந்தையை முழுவதும் கேட்கப் போவதில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பதினாறாம் தேதி விவாகரத்துக் கையெழுத்து. அதில் மாற்றமில்லை. ஒரே வீட்டில் இருந்தபோது நம்மால் இப்படி ஒரு வார்த்தை பேச முடிந்ததே இல்லை. மறுபடி ஒரே வீட்டுக்குப் போனால் மறுபடியும் முடியாது. உங்களுக்கும் இது தெரியும் என்று நினைக்கிறேன். எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வருத்தம் இருக்கிறது என்பதற்காக முடிவை மாற்ற முடியவில்லை.

கடையில் இன்னொரு பெண்ணைப் போடச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

நேற்று இரண்டு வாய் சோறு, ஒரு டம்ளர் பால். இன்று காலை பிஸ்கட் ஒன்று, அதிலும் பாதி என் புடவையில். சிரப் இன்று கொடுக்கவில்லை. சிரிஞ்சைப் பார்த்ததும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் தெம்பில்லை. மூடிவைத்துவிட்டேன்.

நீங்கள் கொடுத்துப் பாருங்கள்.

நண்டு அம்மா