பக்கத்து இருக்கை

என்னங்க, நிஜமாகத் தூங்குகிறீர்களா, நடிக்கிறீர்களா தெரியவில்லை. எழுப்பவில்லை. சாப்பாடு உங்கள் கைக்கு எட்டும்படி மேசையில் மூடியிருக்கிறது.

"சாமான் மாதிரி என்னைப் பின்னால ஏத்தாதே"ன்னு நீங்கள் சொன்னதற்குச் சண்டை போட்டேன். நேற்று வேன் கடையில் சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். பின்கதவு வழியாக ஏற்றி, கடைக்காரர் ஒரு சுற்று ஓட்டினார். நான் பேசியது அவர் காதில் விழவேயில்லை.

அந்த வேன் வேண்டாம். பக்கவாட்டில் ஏறுகிற வேனைப் பதிவு செய்துவிட்டு வருகிறேன். முன்சீட்டைக் கழற்றிவிட்டால் நாற்காலியோடு என் பக்கத்திலேயே வரலாம்.

பின்குறிப்பு: நீங்கள் பஸ் ஓட்டிய காலத்தில், நான் நம் கார் ஸ்டியரிங்கைத் தொட்டாலே "பிரேக்கை மிதிடி"ன்னு அலறுவீர்கள். வேன் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே திட்டுங்கள். போன வாரம் நம் பழைய காரில் ஆஸ்பத்திரிக்குப் போகையில் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். அப்போதுகூட நீங்கள் வாயைத் திறக்கவில்லை.