நாம் போய்வந்த தீவு

மாப்ள,

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உனக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை இன்னும் யாரும் கழற்றவில்லை. உன் பேரன் கம்பம் டவுனுக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவில் முறைத்துக்கொண்டு நிற்கிற உன்னை அப்படியே வெட்டி எடுத்து, பின்னால் ஒரு நீலக் கடலையும் நாலு தென்னை மரத்தையும் ஒட்ட வைத்திருக்கிறான். பால் வாங்கப் போகும்போதெல்லாம் நீ அந்தக் கடற்கரையில் நின்று என்னைப் பார்க்கிறாய். நேற்று அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பக்கத்தில் திரும்பினேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரிந்த ஆள் அங்கே யாரும் இல்லை. அந்தத் தீவுக்கு நாம் போகவே இல்லை என்பது ஊரில் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வெள்ளைக்காரன் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். எழுபதுகளின் கடைசி. இரண்டாம் போகத்துக்கு நீ பரம்படித்துக்கொண்டிருந்தாய். உழுத சேற்றைச் சமப்படுத்த மாடு பூட்டி இழுக்கிற பரம்புப் பலகையில் நம் ஊரில் எல்லாரும்தான் ஏறி நிற்பார்கள். ஆனால் நீ நிற்பது தனி. கயிற்றைக்கூட ஒரு கையால்தான் பிடிப்பாய். மாடு திரும்புகிற இடத்தில் எல்லாரும் இறங்கி ஏறுவார்கள், நீ இடுப்பை மட்டும் வளைப்பாய். குமுளிக்குப் போகிற வழியில் வேன் சூடாகி, வாய்க்காலில் தண்ணீர் எடுக்க இறங்கிய அந்தப் பையனுக்கு உன்னைப் பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி உன் பலகையில் ஏறினான். பத்தடி போவதற்குள் குப்புற விழுந்தான். பிறகு வேனிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துவந்து காட்டி, படபடவென்று ஏதோ சொன்னான். ஏலக்காய் கடையில் இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவன் நான் என்பதால் நீ எனக்கு ஆள் விட்டாய்.

"மாப்ள, இங்கன வா. இவுக என்னமோ சொல்றாக, என்னன்னு கேளு."

போட்டோவில் ஒருவன் அலைமேல் பலகை போட்டு நின்றிருந்தான். நீ அதைச் சேற்றுக் கையால் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாய். "அட, இது பரம்படிக்கிறதுதான். மாட்டுக்குப் பதிலாத் தண்ணி இழுக்குது, அம்புட்டுத்தான்" என்றாய். நான் அதை அவனுக்குச் சொன்னேன். அவன் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கொச்சியிலிருந்து கப்பலில் போனால் லட்சத்தீவில் ஒரு சின்னத் தீவு இருக்கிறதாம். சந்தடியே கிடையாதாம், அலை மட்டும்தானாம். அவனுக்கு அங்கே போக அனுமதி கிடைக்கவில்லை. "நீங்கள் இந்தியர்கள், நீங்கள் போகலாம்" என்று சொல்லி, சிகரெட் அட்டையில் அந்தத் தீவை வரைந்து கொடுத்துவிட்டுப் போனான். உடைந்த வளையல் துண்டு போல இருந்தது.

அன்றைக்கு உனக்குப் பிடித்தது விடவே இல்லை. கடல் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டால் கையைக் காட்டத் தெரியாத இரண்டு பேர், தினமும் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தீவுக்குப் போகத் திட்டம் போட்டோம். நான் ஒரு நோட்டு போட்டேன். எந்த பஸ், எங்கே மாறுவது, என்னென்ன எடுத்துப் போவது, உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் என்ன செய்வது, மீன் சாப்பிடாத நான் அங்கே எதைத் தின்று உயிரோடு இருப்பது. எங்கள் முதலாளிக்குத் தெரிந்த கொச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவர் மூலமாக அனுமதிச் சீட்டுக்கும் எழுதிப் போட்டேன். நான் எழுத எழுத நீ எட்டிப் பார்ப்பாய். "அலையப் பத்தி ஒண்ணுமே எழுதலையே?" என்பாய்.

பலகைக்கு இலவ மரம் என்று முடிவு செய்தது நீ. போடியில் பஞ்சு வெடித்துப் பறக்கிற மரம், கனமே இருக்காது என்றாய். ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "இலவ மரத்துல தீக்குச்சிதான்டா கிழிப்பாக. இதுல ஏறி நிக்கப் போறேங்கிற?" என்று சொல்லிக்கொண்டேதான் செய்தும் கொடுத்தார். தண்ணீர் ஊறாமலிருக்கக் குங்கிலியம் காய்ச்சிப் பூசி, வாய்க்காலில் விட்டோம். கரைமேல் மாட்டை நான் ஓட்ட, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ தண்ணீரில் நின்று வந்தாய். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்துவிட்டார்கள். "ஆத்தா, இந்தக் கூத்தப் பாருங்கடி!" என்று ஒருத்தி கத்தினாள். உன் அய்யா மட்டும் சிரிக்கவில்லை. "வயல்ல நிக்கத் துப்பில்ல, தண்ணி மேல நிக்கப் போறாராம் தொர" என்று ஊர் கேட்கச் சொன்னார். அன்றைக்கு உன் முகம் எப்படி ஆனது என்று எனக்குத்தான் தெரியும். விளையாட்டாக இருந்தது அதோடு போய்விட்டது. போய் நின்று காட்டிவிட்டு வந்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது உனக்கு.

பங்குனியில் அறுப்பு முடிந்தது. அனுமதியும் வந்துவிட்டது. கொப்பரை வியாபாரி கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்: வைகாசி பாதிக்கு மேல் தாமதிக்க வேண்டாம், மழை தொடங்கினால் கடல் மூடிவிடும். நாம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தோம். "கடலுக்கு என்ன கதவா போட்டிருக்கு?" என்றாய். குமுளிப் பக்கம் வானம் கருக்கினால் நமக்குக் கொண்டாட்டம். மலை அந்தப் பக்கமே மழையை வாங்கிக்கொண்டு நமக்குக் காற்றையும் சாரலையும்தான் தள்ளிவிடும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறவர்கள் நாம். அந்த மழைக்குப் பயந்து கப்பல் நிற்கும் என்று நம் கூடலூர்க்காரன் எவன் நம்புவான்?

ஆனாலும் நீ சித்திரையிலேயே கிளம்பலாம் என்றாய். நான்தான் இழுத்தடித்தேன். வீரபாண்டித் திருவிழா முடியட்டும் என்றேன். அது முடிந்ததும் முதலாளி லீவு தரவில்லை என்றேன். நோட்டில் இன்னும் நாலு சாமான் வாங்கவில்லை என்றேன். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தண்ணீர் என்றால் பயம், மாப்ள. கிணற்றுப் படியில்கூட மூன்றாவது படிக்குக் கீழே நான் இறங்கியதில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, லிஸ்ட் லிஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வைகாசி முடிகிற வாரத்தில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. பஸ் மேல் பலகையை ஏற்றும்போது சவப்பெட்டி மூடியா என்று மலையாளத்தில் கேட்ட கண்டக்டரை நீ அடிக்கப் போனாய். கோட்டயம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர்ச் சாரல் இல்லை, வானத்தையே கவிழ்த்து ஊற்றுகிற மழை. கொச்சியில் கப்பல் ஆபீஸில் இருந்தவர் நம் சீட்டையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். "இனி கப்பல் இல்லா. மழ கழிஞ்ஞு வா" என்றார். முந்தின வாரம்தான் கடைசிக் கப்பல் போயிருந்தது. மழை கழிய எத்தனை நாள் ஆகும் என்று நீ கேட்டாய். அவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள்தானே என்று நீ என் தோளைத் தட்டினாய். அவர் மாதத்தைச் சொல்லியிருந்தார்.

வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் ஏழு நாள் இருந்தோம். கோயா என்று ஒரு தீவுக்காரன், ஊருக்குப் போக வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு நமக்குப் பேச்சுத்துணையாக இருந்தான். மழை கொட்ட கொட்ட, கொப்பரை மூட்டைமேல் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னான். மணல் வெள்ளையாக இருக்கும், தீவைச் சுற்றிய பாறை வரிசைக்கு உள்ளே தண்ணீர் ஆடாமல் கிடக்கும், வெளியேதான் அலை, ஒரு சைக்கிள் மணி அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். நீ வாயைப் பிளந்து கேட்டாய். எனக்கோ உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஏழாம் நாள் நீ பலகையைக் கோயாவிடம் கொடுத்து, "மழை விட்டதும் கொண்டு போ, பின்னாலயே வர்றோம்" என்றாய்.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் உன் அய்யா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலிருந்த ஒருவர், "என்ன, போனீகளா? இல்ல குமுளியிலேயே தங்கிட்டீகளா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ தலையைக் குனிந்தாய். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாய், பார்த்தேன். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "போனோம். இவன் நின்னான். நாலு அலை." கோயா சொன்னதையெல்லாம் மளமளவென்று அவிழ்த்துவிட்டேன். உன் அய்யா எழுந்து வந்து உன் முதுகில் கையை வைத்தார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "ஆமா" என்றாய். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது என் மானத்துக்காகச் சொன்னது.

புரட்டாசியில் கோயா எழுதிப் போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏலக்காய் கடைக்கு ஓடிவந்தாய். கப்பல் விட்டுவிட்டார்கள், பலகை பத்திரமாக இருக்கிறது, வாருங்கள். "மாப்ள, போவமா?" என்று கேட்டாய். ஏலக்காய் மூட்டைக்கு லேபிள் எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரக்கூட இல்லை. "போயிட்டு வந்தவுகளாச்சே நாம. மறுபடி எதுக்குப் போறீகன்னு கேட்டா என்ன சொல்லுவ? உங்க அய்யாகிட்ட என்ன சொல்லுவ?" என்றேன். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனாய். அதற்கப்புறம் நீ என்னிடம் கேட்கவே இல்லை.

அந்தக் கதையை எத்தனை கல்யாணப் பந்தியில், எத்தனை காதுகுத்தில் சொல்லியிருப்போம்! நான் மணலைச் சொல்ல, நீ அலையைச் சொல்ல. நான் நாலு அலை என்றால், "அஞ்சு மாப்ள, கடைசியில ஒண்ணு சின்னது, அத விட்டுட்ட" என்பாய். பொய் சொல்கிற நேரத்தில்தான் நாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். கதையில் எந்த இடத்தில் திணறினாலும் நீ கை கொடுப்பாய். இப்போது யாராவது கேட்டால் எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. வீட்டில் பேச்சு இல்லை. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் பாதி காலியாக இருக்கிறது. அங்கே உட்காரப் பிடிக்காமல் நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

பதினாறு முடிந்த மறுநாள் உன் மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனசில் வைத்திருக்க முடியவில்லை. நாம் போகவில்லை, கொச்சியோடு திரும்பிவிட்டோம், பொய்யை ஆரம்பித்தது நான், அதனாலேயே நீ கடைசி வரைக்கும் போக முடியாமல் ஆகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மாமா இப்படிப் பேசுறீக? துக்கத்துல மனசு எங்கேயோ போயிருச்சு உங்களுக்கு. ராத்திரி தூங்குனீகளா?" என்றாள்.

இல்லைம்மா, நிஜம் என்றேன். அவள் நம்பவே இல்லை. அறிவு தடுமாறுகிறது என்று நினைத்துவிட்டாள் போல. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நம் தீவுக் கதையை எனக்கே சொன்னாள். மணல், சைக்கிள் மணி, எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அலைக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. நான் கேட்டே இராத கதை அது.

"வெளியாள் முன்னாடி அப்பா தான் நின்னதாத்தான் சொல்லுவாக. எங்ககிட்ட மட்டும் வேற சொல்லுவாக. 'நான் நாலு தடவையும் விழுந்துட்டேன் ஆத்தா. தண்ணின்னா நடுங்குற உங்க மாமன்தான் கடைசியில ஏறுனான். அலை தூக்குச்சு. நின்னுட்டான். நின்னவன் திரும்பி என்னப் பாத்துக் கையக் காட்டுனான், வாடா மாப்ளன்னு. அதுக்கப்புறந்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு'ன்னு. இது கூடவா மாமா மறந்துபோச்சு?"

நான் பயந்தது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், என்னை அந்த அலைமேல் ஏற்றி வைத்திருக்கிறாய். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கதையில் மற்றதெல்லாம் நாம் சேர்ந்து இட்டுக்கட்டியது, இது மட்டும் நீ தனியாகச் செய்தது. இப்போது அது என்னிடம் இருக்கிறது. நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்த அலைமேல் நின்றுகொண்டு உன்னைத் திரும்பிப் பார்க்கிறேன், கையைக் காட்டி வாடா மாப்ள என்கிறேன். கோயா கடிதத்தோடு நீ வந்த அன்றைக்கு ஏலக்காய் கடையில் தலையை நிமிர்த்தி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய்.